திறந்த கடைகளும் திரும்பாத வேலைகளும்



வறுமை வெளிப்படையாக நிற்கும்போது அதனைத் துடைக்கப் பல கைகள் நீளுகின்றன. அதே வறுமை வெளுத்த சட்டை அணிந்து, கடையைத் திறந்துவைத்து, கல்லாவின் முன்னே அமர்ந்திருக்கும்போது அதனைக் கண்டுகொள்வார் அரியர். கொரோனாக் கொள்ளைநோய்க் காலம் நமக்குப் புகட்டிய பாடங்களுள் இதுவே தலையாயது.

2020ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு, அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது. நாட்டின் தொழில்கள் ஒருசேர நின்றன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட 23.9 சதவீதம் சுருங்கியது என்று அரசின் முதல் மதிப்பீடே கூறிற்று. கட்டுமானத் தொழில் பாதியாயிற்று. வணிகமும் உணவு விடுதிகளும் போக்குவரத்தும் ஏறத்தாழப் பாதியை இழந்தன. அந்த நாட்களில் ஈகைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அரிசியும் பருப்பும் வீடு தேடிச் சென்றன. யாருக்கு இல்லை என்பது யாவருக்கும் தெரிந்திருந்தது.

ஜூன் மாதம் தொடங்கிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. தமிழகத்தில் செப்டம்பர் 1 அன்று பள்ளிவாசல்கள் உள்ளிட்ட வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டன. மாவட்டங்களுக்குள் பேருந்துகள் ஓடின. ‘இனி எல்லாம் சரியாகிவிடும்’ என்று மக்கள் பெருமூச்சு விட்டனர். ஆனால் அதற்கு முந்திய நாள் நிகழ்ந்ததைப் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அளித்திருந்த ஆறு மாதச் சலுகை, ஆகஸ்ட் 31 அன்று முடிவுற்றது. தவணை நின்றிருந்த அந்த ஆறு மாதங்களிலும் வட்டி நிற்கவில்லை. ஆகவே, கடையின் கதவு திறந்த வேளையும் கடன் கதவைத் தட்டிய வேளையும் ஒன்றாகவே அமைந்தன.

வேலையின் நிலை என்ன? இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் கணக்குப்படி, 2020 ஏப்ரலில் 23 சதவீதத்தைத் தாண்டியிருந்த வேலையின்மை, நவம்பரில் 6.5 சதவீதமாக இறங்கியது. மறுமாதமே, அதாவது கடைகளெல்லாம் திறந்திருந்த டிசம்பரில், 9.1 சதவீதமாக ஏறிற்று. 2021ஆம் ஆண்டு இரண்டாம் அலை வந்து, மே 10 அன்று தமிழகத்தில் மீண்டும் முழு ஊரடங்கு தொடங்கியது. எழுந்து நிற்கத் தொடங்கியவர்கள் மறுபடியும் விழுந்தனர்.

குறைந்த எண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அதே மையம், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 1 கோடியே 89 இலட்சம் மாதச் சம்பள வேலைகள் அழிந்தன என்று கணித்தது. மாதச் சம்பளம் பெற்றுவந்த ஒருவர், வேலை போனபின் தள்ளுவண்டியில் காய்கறி விற்கத் தொடங்கினால், கணக்கேடு அவரை ‘வேலை உள்ளவர்’ என்றே எழுதிக்கொள்கிறது. வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அது கேட்பதில்லை. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பும் இதனையே காட்டுகிறது. 2018-19ஆம் ஆண்டில் உழைப்போரில் 23.8 சதவீதத்தினர் ஒழுங்கான சம்பள வேலையில் இருந்தனர். 2020-21இல் அது 21.1 சதவீதமாயிற்று. 2023-24இலும் 21.7 சதவீதமே. கதவுகள் திறந்து ஆண்டுகள் கடந்தபின்னும் பழைய நிலை எட்டப்படவில்லை.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைகளைத் திறந்துவிடலாம். ஆனால் அயல்நாட்டுக் கடைவீதிகள் மூடியிருந்தால் காலணிகளை வாங்குபவர் யார்? 2020 மே 7 தொடங்கி, வெளிநாடுகளில் சிக்கியோரைத் தாயகம் கொண்டுவரச் சிறப்பு விமானங்கள் பறந்தன. வளைகுடாவிலிருந்து அவ்வாறு திரும்பியவர்களுள் சம்பள பாக்கியைக்கூடப் பெறாமல் வந்தோர் உண்டு. இங்கு ஊரடங்கு தளர்ந்ததால், அங்கு இழந்த வேலை அவர்களுக்குத் திரும்பிவிடுமா?

இத்தகைய குடும்பம் யாரிடமும் கை நீட்டாது, மானம் தடுக்கும். முதலில் நகை அடகுக்குப் போகும். பின்னர், வட்டியைத் தீமையென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே தகப்பன், வட்டிக்கடையின் வாசலில் நிற்பான். அவன் அங்கு நிற்க நேர்ந்தது அவனுடைய குற்றம் மட்டுமா? அவன் அழகிய கடன் கேட்டு வரக்கூடிய ஒரு வாசலை நாம் திறந்துவைக்கவில்லையே!

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒரு வகையினர் என்பதை நாம் அறிவோம். அறிந்தும், ‘கடை வைத்திருப்பவருக்கு ஜகாத்தா?’ என்று வியக்கிறோம். கடை இருக்கிறது, அதில் விற்கும் சரக்கு முழுவதும் கடன் என்றால் அவர் யார்? ஆயிரம் பேருக்கு ஆளுக்குச் சிறிது பணம் பகிர்ந்தளிப்பதைக் காட்டிலும், பத்துப் பேரின் கடனை அடைத்து, தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுத்து நிலைநிறுத்துவது, மறு ஆண்டில் பெறுவோரின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தல் இன்றியமையாதது. கடன் கொடுத்தவர் அவகாசம் அளிக்க வேண்டும். ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர், இலாபம் குறைந்த மாதத்தில் முதலில் வெட்டுவது வேலையாளின் கூலியாக இருக்கலாகாது.

தனியார் ஈகையால் மட்டுமே இது தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. 2020-21ஆம் ஆண்டில் கிராமப்புற நூறுநாள் வேலைத் திட்டம் 389 கோடி மனித உழைப்பு நாட்களை அளித்தது. சட்டம் ஓர் உரிமையை வழங்கியிருந்ததால் அது முடிந்தது. நகரத்துக் கூலித் தொழிலாளிக்கு நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் அன்று இருந்ததில்லை. அதனைக் கேட்பதும் நம் கடமையே.

வாசகர்களே! கதவு மூடியிருந்தபோது நாம் கொடுத்தோம். திறந்ததும் கடமை முடிந்ததென்று திரும்பிவிட்டோம். உண்மையில் நீண்ட கடமை அப்போதுதான் தொடங்கிற்று. அந்நாளில் பட்ட கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். இன்று ஜும்ஆத் தொழுகையில் அவர் உங்கள் தோளோடு தோள் நிற்கவும் கூடும். அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் அவரைக் கேட்டறிய வேண்டும்.