பயணக் களைப்பு என்னும் தவறான பெயர்

அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ விடுமுறைக்கு இந்தியா வரும் குடும்பங்கள் முதல் வாரத்தில் படும் பாட்டுக்குத் தமிழ் வீடுகளில் வழங்கும் பெயர் 'பயணக் களைப்பு'. இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு விளையாட அழைக்கும் குழந்தை, மதியச் சாப்பாட்டின் நடுவே தலை சாயும் பதின்வயதுப் பெண், பகல் முழுதும் மந்தமாக இருந்துவிட்டு நள்ளிரவில் மடிக்கணினியைத் திறந்து உட்காரும் தந்தை என எல்லோருக்கும் இந்த ஒரு சொல்லே போதும் என்று கருதப்படுகிறது. களைப்பு என்று பெயரிட்டவுடன் வைத்தியமும் தானாக வந்துவிடுகிறது: நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும். ஆனால் போவதில்லை. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அதே 2 மணி விழிப்பு தொடரும்போது, குழந்தை அடம் பிடிக்கிறது என்றும் பெரியவர்களுக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் பழி வேறு திசையில் திரும்புகிறது.

இரண்டு விமானப் பயணங்களை ஒப்பிட்டால் இந்தப் பெயரின் பிழை விளங்கும். லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11½ மணி நேரம். சென்னைக்கு ஏறத்தாழ 10 மணி நேரம். கேப் டவுனில் இறங்குபவர் களைத்திருப்பார். ஓர் இரவு உறங்கினால் பெரும்பாலும் தேறிவிடுவார். டிசம்பரில் அந்நகரம் லண்டனைவிட 2 மணி நேரமே முன்னால் இருக்கிறது. சென்னையில் இறங்குபவர் குறைவான நேரமே பறந்தவர். ஆயினும் அவரது உடல் 5½ மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. முன்னவருக்கு வேண்டியது ஓய்வு. பின்னவருக்கு ஓய்வோடு உடலின் நேரமும் மாறியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'ஜெட் லாக்' எனப்படுவது இந்த இரண்டாவது நிலையே.

மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்களாலான ஒரு சிறு கொத்து உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. அதன் இந்தப் பணி 1972-இல் எலிகளில் நடந்த ஆய்வுகளால் தெரியவந்தது. செல்லுக்குள் இத்தகைய கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு விளக்கியதற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதரில் இக்கடிகாரத்தின் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. எனவே அதைப் பின்தள்ளுவது எளிது, முன்தள்ளுவது கடினம். மேற்கு நோக்கிப் போகிறவர்களைவிடக் கிழக்கு நோக்கி வருகிறவர்கள் பொதுவாக அதிகம் துன்புறுவதற்குக் காரணம் இதுவே. கல்லீரலுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை உணவு நேரத்தைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. நள்ளிரவில் குழந்தைக்குப் பசிப்பது பிடிவாதத்தால் வருவது அன்று. அதன் வயிற்றுக்கு அது உண்மையான மாலை வேளை.

முந்தைய தலைமுறையினர் இவ்வளவு அவதிப்படாமல் கடல் கடந்து வந்தார்கள் என்ற வாதம் குடும்பங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. அது உண்மைதான். கப்பல் ஒரு நாளில் கடக்கும் தீர்க்கரேகை குறைவு. கப்பல் கடிகாரங்களும் சிறிது சிறிதாகவே திருத்தப்பட்டன. உடலும் கூடவே நகர்ந்தது. 1960-இல் ஏர் இந்தியா போயிங் 707 விமானத்தைக் கொண்டு நியூ யார்க் சேவையைத் தொடங்கியபோது அந்த அவகாசம் மறைந்தது. உடல் மட்டும் இன்றும் கப்பலின் வேகத்திலேயே, ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கடிகாரத்தைத் திருத்துவதில் முதன்மையான கருவி ஒளி. 'காலை வெயிலில் நில்லுங்கள்' என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. எல்லோருக்கும் அது பொருந்தாது. உடலின் வெப்பநிலை நாள்தோறும் மிகத் தாழும் ஒரு புள்ளி உண்டு; அது வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வரும். அதற்கு முன்பு கண்ணில் படும் வலுவான ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும். அதற்குப் பின்பு படுவது முன்தள்ளும். லண்டனில் காலை 7.30 மணிக்கு எழுகிறவருக்கு அப்புள்ளி விடியற்காலை 5 மணி வாக்கில் அமையும். டிசம்பரில் அது இந்திய நேரம் காலை 10.30. அவர் வந்திறங்கிய மறுநாள் 7 மணிக்கே மொட்டை மாடியில் வெயில் காய்ந்தால், முன்னே நகரவேண்டிய கடிகாரம் பின்னே நகரும். முதல் நாள் காலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் இருந்து, 11 மணிக்கு மேல் வெளியே வந்து, அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொரு மணி நேரமாக முன்னதாக வெயிலுக்கு வருவதே அவருக்கு உதவும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வருகிறவரின் கணக்கு வேறு. டிசம்பரில் அந்நகரம் இந்தியாவைவிட 13½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவ்வளவு தூரம் முன்னே போவதைவிட 10½ மணி நேரம் பின்னே போய் அதே இடத்தை அடைவது உடலுக்கு எளிது. அவருடைய தாழ்புள்ளி முதல் நாள் இந்திய நேரம் மாலை 6.30 வாக்கில் வருகிறது. அதற்கு முந்திய பகலொளி முழுவதும், குறிப்பாகப் பிற்பகல் ஒளி, அவரைச் சரியான திசையிலேயே தள்ளும். முதல் ஓரிரு நாள் அந்தி சாய்ந்தபின் விளக்கையும் கைப்பேசியையும் தணித்துக்கொண்டால் போதும். ஆகவே ஒரே பாட்டி வீட்டில் வந்து கூடும் லண்டன் அத்தைக்கும் கலிபோர்னியா சித்தப்பாவுக்கும் காலை 7 மணி வெயில் ஒரே மருந்தாக இருக்க முடியாது.

ஒரே குடும்பத்துக்குள்ளும் கடிகாரங்கள் ஒன்றாக ஓடுவதில்லை. சிறு குழந்தைகள் சீக்கிரம் உறங்கிச் சீக்கிரம் எழுகிறார்கள். பதின்வயதில் அந்த நேரம் பின்னுக்குப் போகிறது. முதுமையில் மீண்டும் முன்னுக்கு வருகிறது. விடுமுறையில் பின்னிரவு 2 மணிக்கு உறங்கிப் பழகிய 16 வயது லண்டன் மாணவனைக் கோயிலுக்குப் புறப்படவேண்டும் என்று இங்கே காலை 6 மணிக்கு எழுப்பினால், அவன் உடலுக்கு அப்போது நள்ளிரவு 12.30. அவன் இன்னும் உறங்கவே தொடங்கியிராத நேரம் அது. அவன் முகத்தில் தெரிவதைப் பண்பாட்டு அலட்சியம் என்று உறவினர் படித்துக்கொள்வது வருந்தத்தக்கது.

ஒளிக்கு அடுத்து உடலுக்கு நேரம் சொல்பவர்கள் உடன் வாழ்பவர்கள். இதைப் பற்றிய மிக அழகிய ஆய்வுகளுள் ஒன்று மதுரையில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனின் குழு, குகையின் இருளில் கூண்டில் அடைத்த வௌவால்களைக் கவனித்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டது. கூண்டுக்குள் இருந்த வௌவாலுக்கு வானம் தெரியாது. ஆயினும் அதே குகையில் வாழ்ந்த அதன் இனத்தவை மாலையில் வெளியேறி விடியுமுன் திரும்புவதை ஒட்டி அதன் இயக்கமும் 24 மணி நேர ஒழுங்கில் நின்றது. இனத்தவை இல்லாத குகையில் வைத்தபோது அவ்வொழுங்கு கலைந்து, அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடியது. மனிதருக்கு வௌவாலின் விதி அப்படியே பொருந்தாது. மனிதரில் ஒளியின் ஆட்சியே பெரிது. ஆனால் ஒரு வீட்டில் எப்போது விளக்கு எரிகிறது, எப்போது அடுப்பு எரிகிறது, எப்போது வாசல் திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் அந்த வீட்டார்தாம். வந்திறங்கியவர்களின் உடல் எவ்வளவு விரைவில் இந்திய நேரத்துக்கு வரும் என்பது விருந்தினரின் மன உறுதியைவிட விருந்தளிப்பவரின் ஏற்பாட்டைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.

நடப்பதோ நேர்மாறு. பல நெடுந்தொலைவு விமானங்கள் இந்தியாவில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே தரையிறங்குகின்றன. அங்கிருந்து நேராக ஏழு எட்டு மணி நேரக் கார் பயணம், அன்று மாலையே உறவினர் வரிசை, மறுநாள் குலதெய்வக் கோயில், அதற்கடுத்த நாள் ஒரு திருமணம். இதில் ஆபத்தும் உண்டு. உடலுக்கு நள்ளிரவாக இருக்கும் பகல் வேளையில், வெளிநாட்டிலிருந்து வந்தவரே நெடுஞ்சாலையில் காரை ஓட்டுவதை எந்த வீடும் முதல் சில நாள்களுக்கு அனுமதிக்கக் கூடாது. விமானத்தில் அமைதியாக இருக்கட்டும் என்று குழந்தைக்குச் சளி மருந்தைக் கொடுத்து உறங்கவைக்கும் பழக்கம் அதைவிடக் கொடிது. அம்மருந்து சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பை உண்டாக்கும். அளவு மிகுந்தால் மூச்சையே தளர்த்தும். மெலடோனின் மாத்திரை அமெரிக்காவில் உணவுத் துணைப்பொருளாகக் கடைகளில் கிடைப்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. பிரிட்டனில் அதை வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும். அட்டையில் அச்சிட்ட அளவும் மாத்திரையில் உள்ள அளவும் ஒத்துப்போகாததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தவறான வேளையில் உட்கொண்டால் அதுவும் கடிகாரத்தைத் தவறான திசையில் தள்ளும். இன்சுலின் எடுத்துக்கொள்ளும் முதியவர்களும் வலிப்பு மருந்து உண்பவர்களும் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் புதிய நேர அட்டவணை பெற்றுக்கொள்வது கட்டாயம்.

இத்தனைக்கும் எதிராக ஒரு நியாயமான மறுப்பு எழும்: விடுப்பே இரண்டு வாரம், அதில் நான்கு நாளைத் தூங்கவா கொடுப்பது? அமெரிக்காவில் தனியார் துறை ஊழியருக்கு ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. கிடைத்த நாள்களைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறவர்களிடம் பொறுமையைப் போதிப்பது எளிதன்று. ஆயினும் அந்த இரண்டு வாரத்தின் கணக்கைப் பார்க்கவேண்டும். நியூ ஜெர்சிக்கும் இந்தியாவுக்கும் டிசம்பரில் 10½ மணி நேர வேறுபாடு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டால், குழந்தையின் உடல் முழுமையாக இங்கே வந்து சேரப் பத்து நாளாகும். தாத்தாவும் பாட்டியும் அதன்பின் அதனோடு கழிப்பது நான்கு நாள் மட்டுமே. மற்ற நாள்களில் அவர்கள் கண்டதெல்லாம் தன் நள்ளிரவில் எழுப்பப்பட்டு, அலங்கரிக்கப்பட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லப் பணிக்கப்பட்ட ஒரு குழந்தையை. பேரப்பிள்ளை ஒட்டவில்லை என்ற மனக்குறை பல வீடுகளில் இந்த முதல் வாரத்தில் பிறந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. முதல் நான்கு நாளை நிகழ்ச்சிகளின்றி விடுவது எஞ்சிய நாள்களைக் காப்பாற்றும் வழி.

பல்கலைக்கழகங்களும் இதில் பொறுப்பற்று நடந்துகொள்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தியா முழுதும் கருத்தரங்குகள் நடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து குடும்பத்துடன் வரும் ஆய்வாளரை, அவர் வந்திறங்கிய நாளின் பிற்பகலிலேயே மேடையேற்றுவது மரபாகிவிட்டது. நியூ யார்க்கிலிருந்து வந்தவருக்குப் பிற்பகல் 3 மணி என்பது விடியற்காலை 4.30. சிந்தனை மிகவும் மங்கியிருக்கும் வேளையில் அவரைக் கேள்விகளுக்கு விடையளிக்கச் சொல்வதில் மாணவர்களுக்கும் நன்மை இல்லை. அவர் தம் மாலையில் விழித்திருக்கும் இந்தியக் காலை அமர்வு ஒன்றை ஒதுக்கக் கூடுதல் செலவு ஏதும் ஆகாது. மூன்று நாள் மட்டுமே தங்குபவராயின் உடலை மாற்ற முயலாமல், இயன்றவரை தம் ஊர் நேரத்தை ஒட்டியே உறங்குவது அவருக்கு நல்லது.

வீட்டார் செய்யக்கூடியவை எளியவை. முதல் நான்கு நாளைப் பயணத்தின் பகுதியாகவே எண்ணி, உறவினருக்கு ஐந்தாம் நாளுக்கு மேல் தேதி சொல்லலாம். பகல் தூக்கத்தை முற்றிலும் தடுக்காமல், பிற்பகல் 3 மணிக்குள் அரைமணி நேரம் என்று வரையறுக்கலாம். உணவை இந்திய வேளைக்கே பரிமாறலாம். நள்ளிரவில் எழும் குழந்தையைக் கடியாமல், கைப்பேசியையும் கையில் கொடுக்காமல், மங்கிய விளக்கில் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ கொடுத்துக் கதை சொல்லி மீண்டும் படுக்கவைக்கலாம். கதை சொல்லத் தூக்கம் குறைந்த பாட்டி ஒருவர் பெரும்பாலான வீடுகளில் அந்நேரம் விழித்தேதான் இருப்பார்.