5 ஆண்டு இழுத்த மேவெதர் - பாக்கியாவ் சண்டை: 'யாரு பயந்தாங்க?' என்ற கேள்வியே தப்பா?

2015 மே 2. லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் அரங்கம். ஒரு பக்கம் தோல்வியே தெரியாத அமெரிக்க வீரர் ஃப்ளாய்ட் மேவெதர். இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ். 'நூற்றாண்டின் சண்டை' என்று விளம்பரம் செய்யப்பட்ட போட்டி அது.

ஆனா ஒரு சின்ன விஷயம். அந்த சண்டை 2010 மார்ச்சிலேயே நடந்திருக்க வேண்டியது!

நடுவில் போன 5 ஆண்டுகளும் உலகம் முழுக்க குத்துச்சண்டை ரசிகர்கள் ஒரே கேள்வியை வைத்து அடித்துக்கொண்டார்கள். 'மேவெதர் பயந்து ஓடுறார்' என்றது ஒரு கூட்டம். 'ரத்தப் பரிசோதனைன்னா பாக்கியாவ் ஏன் பின்வாங்குறார்?' என்றது இன்னொரு கூட்டம். சண்டை முடிந்து பல வருஷம் ஆன பிறகும் இந்த வாக்குவாதம் ஓயவில்லை.

உண்மையில் என்ன நடந்தது? யார் பக்கம் நியாயம்? பெரிய சண்டைகள் ஏன் எப்போதும் லேட்டாகவே வருகின்றன? விரிவாகப் பார்ப்போம்.

அப்படி என்ன எதிர்பார்ப்பு?

2009 செப்டம்பரில் ஓய்வை முடித்துக்கொண்டு ரிங்குக்குத் திரும்பினார் மேவெதர். ஹுவான் மானுவல் மார்க்வெஸை எளிதாக வீழ்த்தினார். 2 மாதம் கழித்து, நவம்பர் 14-ல், மிகெல் கோட்டோவை 12-வது ரவுண்டில் நிலைகுலைய வைத்தார் பாக்கியாவ்.

இருவருமே வெல்டர்வெயிட் பிரிவு. அதாவது 66.7 கிலோ வரை. எடையைப் பொருட்படுத்தாமல் உலகின் சிறந்த வீரர் யார் என்று கேட்டால், பதில் இந்த இருவரில் ஒருவராகத்தான் இருந்தது. அப்போது மேவெதருக்கு 32 வயது. பாக்கியாவுக்கு 31 தொடங்கும் நேரம். இருவரும் உச்சத்தில் இருந்தார்கள்.

பேச்சுவார்த்தை வேகமாக நடந்தது. 2010 மார்ச் 13 என்று தேதி பேசப்பட்டது. வருமானத்தில் ஆளுக்குப் பாதி என்றும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு ஏன் நின்றது?

10 நாள் இடைவெளியில் போன 5 வருஷம்

ஒலிம்பிக் பாணியில் எப்போது வேண்டுமானாலும் ரத்தம், சிறுநீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றது மேவெதர் தரப்பு. சண்டைக்கு நெருக்கத்தில் ரத்தம் எடுத்தால் உடம்பு பலவீனமாகும் என்றது பாக்கியாவ் தரப்பு. ஊக்கமருந்து பற்றி மறைமுகமாகவும் நேரடியாகவும் பேச்சுகள் வர, மேவெதர் தரப்பு மீது அவதூறு வழக்கே போட்டார் பாக்கியாவ்.

2010 ஜனவரியில் டேனியல் வெயின்ஸ்டீன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி சமரசம் பேசினார். சண்டைக்கு 24 நாள் முன்பு ரத்தப் பரிசோதனையை நிறுத்த வேண்டும் என்றது பாக்கியாவ் தரப்பு. 14 நாள் வரை எடுக்கணும் என்றது மேவெதர் தரப்பு. வித்தியாசம் வெறும் 10 நாள். அந்த 10 நாளில் சண்டை செத்துப்போனது.

வெயின்ஸ்டீன் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 11 வருஷம் கழித்து திரும்ப வரும்.

'40 மில்லியன் தர்றேன், வர்றியா?'

2012 ஜனவரியில் அடுத்த முயற்சி. மேவெதரே பாக்கியாவுக்கு நேரடியாக போன் போட்டார். 40 மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னார். கேட்க பெரிய தொகைதான். ஆனால் ஒரு கண்டிஷன்: வீட்டிலிருந்து காசு கட்டிப் பார்ப்பவர்களிடமிருந்து வரும் 'பே-பெர்-வியூ' வருமானத்தில் பங்கு கிடையாது.

இந்த மாதிரி சண்டையில் உண்மையான பணமே அதில்தான் இருக்கிறது. பாக்கியாவ் மறுத்துவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு அவர் ஒத்துக்கொள்ளத் தயாரான பிறகு நடந்த கதை இது. அதாவது, தடையாக இருந்த முதல் காரணம் போய், பணம் என்ற இரண்டாவது காரணம் வந்துவிட்டது.

அதே வருஷம் குடும்ப வன்முறை வழக்கில் மேவெதர் சுமார் 2 மாதம் சிறையில் இருந்தார். ஜூன் மாதம், திமோதி பிராட்லியிடம் சர்ச்சைக்குரிய தீர்ப்பில் தோற்றார் பாக்கியாவ். டிசம்பரில் மார்க்வெஸ் விட்ட ஒரே குத்தில் 6-வது ரவுண்டில் முகம் குப்புற விழுந்தார். 'இனி இந்த சண்டைக்கு என்ன மதிப்பு?' என்று பலர் கைவிட்டது அப்போதுதான்.

திரைக்குப் பின்னால் இருந்த பகை

பாக்கியாவின் ப்ரொமோட்டர் பாப் ஆரம். இவர்தான் முன்பு மேவெதருக்கும் ப்ரொமோட்டர். 2006-ல் 7.5 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தவர் மேவெதர். அந்தக் கசப்பு போகவே இல்லை. பழைய முதலாளிக்கு மறுபடியும் நான் ஏன் சம்பாதித்துக் கொடுக்கணும் என்ற மனநிலை ஒரு பக்கம்.

ஆரமுக்கும் அவசரம் இல்லை. கோட்டோ, மார்கரிட்டோ, பிராட்லி என்று பாக்கியாவுடன் மோதிய பலரும் அவருடைய நிறுவனத்து வீரர்கள்தான். யார் ஜெயித்தாலும் பணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

இதில் டிவி சிக்கல் வேறு. 2013-ல் மேவெதர் எச்பிஓ-வை விட்டு ஷோடைம் சேனலுக்குப் போனார். பாக்கியாவ் எச்பிஓ பக்கமே இருந்தார். போட்டி சேனல்கள் இரண்டும் ஒரே சண்டையை ஒன்றாக ஒளிபரப்பினால்தான் வேலை நடக்கும் என்ற நிலை.

சரி, பயந்தது யார்?

இரண்டு தரப்பு வாதத்தையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

மேவெதர் பயந்தார் என்பவர்களின் வலுவான ஆதாரம் காலக்கணக்கு. பாக்கியாவ் உச்சத்தில் இருந்தபோது நடக்காத சண்டை, அவர் நாக் அவுட் ஆன பிறகு நடந்தது. 2010-ல் பாதிக்குப் பாதி என்றிருந்த பங்கு, 2015-ல் 60-40 ஆனது. காத்திருந்ததில் மேவெதருக்கு எதிராளியும் பலவீனமானார், பங்கும் கூடியது.

எதிர்த்தரப்புக்கும் பாயின்ட் இருக்கிறது. பாக்கியாவ் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. அப்படியிருக்க, 2010-ல் அந்த 10 நாளை விட்டுக்கொடுத்திருந்தால் கதையே அங்கே முடிந்திருக்கும். மேவெதருக்கு சாக்கு சொல்ல இடமே இருந்திருக்காது.

ஆனால் இரண்டு வாதங்களுமே ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகின்றன. ரிங்குக்குள் யாருக்கும் பயப்படாத ஒருவருக்குக்கூட, அன்றைக்கு இந்த சண்டையை அவசரமாக நடத்த எந்தக் கட்டாயமும் இல்லை. பாக்கியாவ் இல்லாமலேயே மேவெதர் கோடிகளை அள்ளிக்கொண்டிருந்தார். 2013-ல் கனெலோ அல்வாரெஸுடன் மோதியதற்கு மட்டும் அவருக்கு உறுதி செய்யப்பட்ட தொகை 41.5 மில்லியன் டாலர். அப்புறம் என்ன அவசரம்?

கட்டாயப்படுத்த ஆளே இல்லையா?

இல்லை. அதுதான் இந்த விளையாட்டின் அடிப்படைப் பிரச்சினை.

கிரிக்கெட்டில் உலகக்கோப்பை அட்டவணையை ஐசிசி போடும். 'இவங்க கூட ஆட மாட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று ஒரு அணி சொன்னால் புள்ளிகள் போய்விடும். குத்துச்சண்டையில் அப்படி ஒரே அமைப்பு கிடையாது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என 4 பெரிய அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி பெல்ட், தனி தரவரிசை. ஒரே எடைப்பிரிவில் ஒரே நேரத்தில் 4 'உலக சாம்பியன்கள்' இருக்கலாம்.

'இந்த வீரரோடு மோதியே ஆகணும்' என்று சாம்பியனுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இந்த அமைப்புகளுக்கு உண்டு. ஆனால் தங்கள் பட்டியலில் இருக்கும் வீரருக்காகத்தான் போடுவார்கள். அடுத்த அமைப்பின் சாம்பியனோடு மோதச் சொல்ல மாட்டார்கள். சில நேரம் இந்த விதியே பெரிய சண்டைக்கு எதிராக வேலை செய்யும். 2024 மே மாதம் டைசன் ஃப்யூரியை வீழ்த்தி 4 ஹெவிவெயிட் பெல்ட்டையும் ஒன்றாக்கினார் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். அடுத்த மாதமே ஐபிஎஃப் பெல்ட்டை விட வேண்டி வந்தது. காரணம், அந்த அமைப்பு சொன்ன எதிராளியை விட்டுவிட்டு ஃப்யூரியோடு மறுபடி மோதப் போனதுதான்!

காத்திருந்ததில் யாருக்கு லாபம்?

2007-ல் மேவெதர் - டி லா ஹோயா சண்டையை சுமார் 24 லட்சம் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள். அதுதான் அப்போதைய சாதனை. 2015-ல் அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் இணைப்புகள் விற்றன. கிட்டத்தட்ட இரட்டிப்பு. எச்டி-யில் பார்க்க 99.95 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 6,300 ரூபாய். அங்கு பே-பெர்-வியூ வருமானம் மட்டும் 400 மில்லியன் டாலரைத் தாண்டியது. டிக்கெட் விற்பனையில் 70 மில்லியனுக்கு மேல். பொதுமக்களுக்கு நேரடியாக விற்பனைக்கு வந்ததோ சில நூறு டிக்கெட்டுகள்தான். எடை பார்க்கும் நிகழ்ச்சிக்கே 10 டாலர் டிக்கெட் போட்டார்கள். அந்தப் பணம் தொண்டுக்குப் போனது.

5 வருஷம் ரசிகர்கள் இலவசமாகச் செய்த விளம்பரத்தின் விலை இது. 'யார் பெரியவர்' என்று போட்ட ஒவ்வொரு சண்டையும், கடைசியில் அவர்களே கட்டப்போகும் பில்லைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தது.

கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. 12 ரவுண்டிலும் யாரும் விழவில்லை. 118-110, 116-112, 116-112 என்று மூன்று நடுவர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள். கம்ப்யூபாக்ஸ் கணக்குப்படி மேவெதரின் 148 குத்துகள் இலக்கைத் தொட்டன; பாக்கியாவுடையது 81. அரங்கத்தில் கைதட்டலைவிட அதிருப்திக் குரலே அதிகம் கேட்டது.

சண்டை முடிந்த பிறகுதான் அடுத்த குண்டு. வலது தோள்பட்டையில் காயத்தோடுதான் இறங்கினேன் என்றார் பாக்கியாவ். கொதித்துப்போன ரசிகர்கள் அமெரிக்காவின் பல மாகாணங்களில் வழக்குப் போட்டார்கள். 2017-ல் வழக்குகள் தள்ளுபடியாயின. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பின் சாரம் இதுதான்: நீங்கள் காசு கட்டியது ஒரு சண்டையைப் பார்க்க. சண்டை முழுசாக நடந்தது. சுவாரஸ்யமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

சட்டப்படி சரி. ஆனால் 5 வருஷம் காத்திருந்தவனுக்கு இது எப்படி வலித்திருக்கும்!

அதே கதை, வேற ஆட்கள்

பாடம் கற்றுக்கொண்டார்களா? இல்லை.

எரால் ஸ்பென்ஸ் - டெரன்ஸ் கிராஃபோர்ட் சண்டை பற்றிய பேச்சு 2018-லேயே கிளம்பியது. நடந்தது 2023 ஜூலையில். இடையில் ஸ்பென்ஸ் மோசமான கார் விபத்தில் சிக்கினார், கண் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். சண்டையில் 3 முறை கீழே விழுந்து 9-வது ரவுண்டில் தோற்றார். கிராஃபோர்ட் அவ்வளவு பெரிய வீரரா, இல்லை ஸ்பென்ஸ் பழைய ஸ்பென்ஸ் இல்லையா? பதில் கிடைக்க வேண்டிய சண்டையிலிருந்து புதுசாக ஒரு வாக்குவாதம்தான் பிறந்தது.

டைசன் ஃப்யூரி - அந்தோணி ஜோஷுவா விவகாரம் இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் 14-ல் சவுதியில் மோதுகிறோம் என்று ஃப்யூரியே மே மாதம் அறிவித்தார். மறுநாளே தீர்ப்பு வந்தது: ஒப்பந்தப்படி முதலில் டியான்டே வைல்டரோடு மோதணும். தீர்ப்புச் சொன்னவர் யார் தெரியுமா? அதே டேனியல் வெயின்ஸ்டீன்! செப்டம்பரில் உசிக்கிடம் பெல்ட்டுகளை இழந்தார் ஜோஷுவா. 2022-ல் மீண்டும் பேசி, மீண்டும் முறிந்தது. 2024-ல் ஃப்யூரி உசிக்கிடம் 2 முறை தோற்றார்; ஜோஷுவா டேனியல் டுபுவாவிடம் 5-வது ரவுண்டில் வீழ்ந்தார். 2025 முடியும்வரை இருவரும் மோதவே இல்லை. இரு சாம்பியன்கள் மோத வேண்டிய சண்டை, இரு முன்னாள் சாம்பியன்களின் சண்டையாகச் சுருங்கிப்போனது.

தீர்வு இருக்கிறதா?

2 வழிகள் கண்முன்னே இருக்கின்றன. ஒன்று, யுஎஃப்சி மாடல். ஒரே நிறுவனம், ஒரே சாம்பியன். யார் யாரோடு மோதணும் என்று நிறுவனமே முடிவு செய்யும். சண்டைகள் சீக்கிரம் நடக்கும். ஆனால் வருமானத்தில் வீரர்களுக்குப் போகும் பங்கு குறைவு என்ற புகாரில், வீரர்கள் தொடுத்த வழக்கு 375 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. மேவெதர் போல பேரம் பேசும் சக்தி அங்கே யாருக்கும் கிடையாது.

இரண்டாவது, சவுதி பணம். எல்லா தரப்பும் கேட்கும் தொகையை ஒருவரே மேஜையில் வைத்தால் பகையெல்லாம் மறந்துபோகும் என்பதற்கு ரியாத்தில் நடந்த ஃப்யூரி - உசிக் சண்டையே சாட்சி. ஆனால் அந்தப் பணம் நின்றுவிட்டால்? பழைய நிலைமைதான்.

ஆக, அடுத்த முறை 'இவர் பயந்து ஓடுறார்' என்று யாராவது சொன்னால், நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். இருவருக்கும் ப்ரொமோட்டர் யார்? எந்த சேனலோடு ஒப்பந்தம்? கட்டாயம் மோத வேண்டிய வேறு ஆள் இருக்கிறாரா? பங்கு எத்தனைக்கு எத்தனை? பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் சண்டை மாட்டிக்கொண்டிருக்கும்.

கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை காலம் மட்டும் யாருக்காகவும் நிற்காது. 2010-ன் மேவெதரும் 2010-ன் பாக்கியாவும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? அந்த ஒரு கேள்விக்கு 400 மில்லியன் டாலர் கொட்டியும் பதில் கிடைக்கவில்லை. இனி கிடைக்கவும் போவதில்லை.