திரும்பி வந்தவருக்கு ஊர் எடுக்கும் விழா

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், மிசௌரி எல்லையை ஒட்டி இருக்கிறது ஃபோர்ட் ஸ்காட். மொத்த மக்கள்தொகையே எட்டாயிரத்துக்கும் குறைவு. செங்கல் பாவிய தெருக்கள், 1842-ல் கட்டத் தொடங்கிய பழைய ராணுவக் கோட்டை, ஒரு சமுதாயக் கல்லூரி. அவசரமாகக் காரில் போகிறவர்கள் நிற்காமல் கடந்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் சில நாட்கள், வெளியூர் ஆட்கள் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். புகைப்படக்காரர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் என்று கூட்டம் சேர்கிறது.

அது கார்டன் பார்க்ஸ் விழா.

புகைப்படப் போட்டியில் தேர்வான படங்களைச் சுவர்களில் மாட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் பேச்சு, இன்னொரு பக்கம் திரைப்படம். இந்த ஊரில் பல வருடங்களுக்கு முன் சினிமா எடுத்த இடங்களைச் சுற்றிக் காட்டவும் ஏற்பாடு உண்டு. விருந்தோடு ஒரு விருதும் கொடுப்பார்கள். அந்த விருதின் பெயரைக் கேட்டால் முதலில் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். ஏதோ ராணுவப் பதக்கம்போல, 'ஆயுதத் தேர்வு' விருது!

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கை தொடங்கியபோது, இதே ஊர் இப்படி இல்லை.

பதினைந்தாவது பிள்ளை

1912-ம் ஆண்டு நவம்பர் 30 அன்று பிறந்தவர் கார்டன் பார்க்ஸ். வீட்டில் பதினைந்து பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பாவுக்குச் சிறிய அளவில் விவசாயம். சோளம், பீட்ரூட், உருளைக்கிழங்கு போடுவார். கோழியும் வாத்தும் பன்றியும் வளர்த்தார்கள். வறுமைதான். ஆனாலும் அம்மா சாராவின் வளர்ப்பு கறாரானது. 'நான் கறுப்பு, அதனால் என்னால் முடியவில்லை' என்ற சாக்கை அந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. சின்னப் பிள்ளைகளுக்குக் கறுப்பினத்தவர் பள்ளி தனி, வெள்ளையர் பள்ளி தனி. உயர்நிலைப் பள்ளியை மட்டும் இரண்டாகக் கட்ட ஊருக்கு வசதி இல்லை. அதனால் அங்கே எல்லாரும் சேர்ந்து படித்தார்கள். சேர்ந்து படிக்கலாம், ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் விளையாட்டு அணியில் சேரக்கூடாது. பள்ளி விருந்துகளுக்கு வரக்கூடாது. கல்லூரிக்குப் போக ஆசைப்பட்ட அந்தப் பிள்ளைகளிடம், அது வீண் செலவு என்று சொன்ன ஆசிரியையும் அங்கே இருந்தார்.

பார்க்ஸுக்குப் பதினொரு வயதில் நடந்தது இது. மூன்று வெள்ளைக்காரப் பையன்கள் அவரை மார்மட்டன் ஆற்றில் தூக்கி எறிந்தார்கள். இவனுக்கு நீச்சல் தெரியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பார்க்ஸ் தண்ணீருக்குள்ளேயே முங்கி, அவர்கள் கண்ணில் படாமல் நகர்ந்து கரையேறிவிட்டார்.

பதினான்கு வயதில் அம்மா இறந்துபோனார். அன்று இரவு அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார் அந்தப் பையன். அம்மாவை விட்டுப் பிரிய மனமில்லாதது ஒரு காரணம். சாவைப் பற்றிய பயத்தை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்பது இன்னொரு காரணம். பிறகு அக்கா வீட்டோடு இருக்கட்டும் என்று மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத்துக்கு அவரை ரயிலேற்றிவிட்டார்கள்.

அடகுக் கடை கேமரா

அக்காவின் கணவரோடு ஒத்துப்போகவில்லை. பனிக்காலத்தில், பதினைந்து வயதுப் பையனை வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டார் அவர். படுக்க இடமில்லை. செயின்ட் பாலுக்கும் மினியாபொலிஸுக்கும் இடையே ராத்திரி முழுக்க டிராம் வண்டி ஓடும். அதில் ஏறி, போவதும் வருவதுமாகத் தூங்கிப் பொழுதைக் கழித்தார். பகலில் கிடைத்த வேலை எல்லாம் செய்தார். எச்சில் தட்டு எடுத்தார், பியானோ வாசித்தார், பாடினார், பணத்துக்குக் கூடைப்பந்துகூட ஆடினார்.

ரயிலில் உணவு பரிமாறும் வேலை கிடைத்தபோதுதான் வாழ்க்கை திரும்பியது. பயணி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டினார். பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போகும் ஏழை விவசாயக் கூலிகளின் படங்கள் அதில் இருந்தன. அரசாங்கத்தின் விவசாயப் பாதுகாப்புத் துறைக்காக எடுத்த படங்கள். ஒரு படம் இவ்வளவு பேசுமா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சியாட்டில் நகரத்தில் ஓர் அடகுக் கடையில் பழைய ஃபோக்ட்லேண்டர் கேமரா ஒன்றை வாங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஆனால் அவர் கழுவக் கொடுத்த முதல் ஃபிலிமைப் பார்த்த மினியாபொலிஸ் கோடாக் கடைக்காரர்களே அவரை உற்சாகப்படுத்தினார்கள். அவர் படங்களைக் காட்சிக்கும் வைத்தார்கள்.

1942-ல் உதவித்தொகை ஒன்று கிடைத்தது. எந்தத் துறையின் படங்களைப் பார்த்துக் கேமரா வாங்கினாரோ, அதே துறைக்கே வேலை கற்க வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியான ராய் ஸ்ட்ரைக்கர் முதல் நாள் ஒரு வேடிக்கையான உத்தரவு போட்டார். கேமராவை வைத்துவிட்டுப் போய் ஒரு கடையில் சாப்பிடு, ஒரு கோட் வாங்கு, ஒரு சினிமா பார் என்றார். மூன்றும் நடக்கவில்லை. நாட்டின் தலைநகரத்தில் மூன்று இடத்திலும் கறுப்பர் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கோபத்தோடு திரும்பியவரிடம், இங்கேயே வேலை செய்கிறவர்களிடம் பேசிப்பார் என்று சொன்னார் ஸ்ட்ரைக்கர். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்மணியிடம் பேசினார் பார்க்ஸ். அவர் பட்ட கஷ்டங்களைக் கேட்டார். பிறகு பெரிய அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பமும் இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப்பும் இருக்க, நேராகப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார். இன்றும் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட முக்கியமான படங்களைப் பட்டியல் போட்டால் அந்தப் படம் இல்லாமல் இருக்காது.

பிற்காலத்தில் தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர் 'ஆயுதத் தேர்வு'. வறுமைக்கும் நிறவெறிக்கும் எதிராகக் கத்தியையோ துப்பாக்கியையோ எடுத்திருக்கலாம். கூட வளர்ந்த பலர் அப்படித்தான் போனார்கள். தான் கேமராவை எடுத்துக்கொண்டேன் என்பது அவர் கணக்கு. விழாவில் கொடுக்கும் விருதுக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

பதினொரு பேரைத் தேடி

1948-ல் 'லைஃப்' பத்திரிகையில் சேர்ந்தார். அந்தப் பத்திரிகையின் நிரந்தரப் புகைப்படக்காரர்களில் முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இரண்டு வருடம் கழித்து, 1950-ல், பள்ளிகளில் இருக்கும் நிறப் பாகுபாட்டைப் பற்றிப் படக்கட்டுரை ஒன்று செய்யும் வேலை வந்தது. பார்க்ஸ் வேறெங்கும் போகவில்லை. தான் படித்த பள்ளியையே எடுத்துக்கொண்டார். ஊரை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

1927-ல் கறுப்பினப் பிள்ளைகளின் பிளாஸா பள்ளியில் அவரோடு படித்து முடித்தவர்கள் பதினொரு பேர். அவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள்? அதுதான் கட்டுரை. ஃபோர்ட் ஸ்காட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒருவர். மற்றவர்கள் கேன்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், கொலம்பஸ், டெட்ராய்ட், சிகாகோ என்று சிதறிப் போயிருந்தார்கள். அது அவர்கள் கதை மட்டும் இல்லை. பிழைப்புக்காகவும் மரியாதைக்காகவும் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெற்கையும் சிற்றூர்களையும் விட்டுப் பெருநகரங்களுக்கு நகர்ந்த காலம் அது.

பார்க்ஸ் ஊர் ஊராகப் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். குடும்பத்தோடு வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். டெட்ராய்டில் ஞாயிற்றுக்கிழமை காலை உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் ஒரு கணவனும் மனைவியும். வேறொரு ஊரில் வீட்டுக்குள் பியானோ, பிள்ளைகள். சிகாகோவில் வாடகை விடுதி ஒன்றில் நிலைகுலைந்த வாழ்க்கை. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் எல்லாரும்.

சொந்த ஊரிலும் படங்கள் எடுத்தார். வயதான சித்தப்பா ஜேம்ஸ் பார்க்ஸ். பேஸ்பால் ஆட்டம் பார்க்கும் கூட்டம். லிபர்ட்டி தியேட்டர் வாசலில் நிற்கும் இளம் ஜோடி. அந்த ஜோடி டிக்கெட் வாங்கினாலும் மாடியில்தான் உட்கார வேண்டும், கீழே இடமில்லை. பார்க்கிறவருக்கு அது தெரிந்த பிறகு அந்தப் படம் வேறு மாதிரி தெரியும்.

இவ்வளவு உழைத்தும் அந்தக் கட்டுரை 'லைஃப்' பத்திரிகையில் வரவே இல்லை. அதே கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்தில் தொடங்கிய வழக்கில், பள்ளிகளில் நிறத்தின்படி பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பார்க்ஸின் படங்களோ பெட்டிக்குள்ளேயே கிடந்தன. 2015-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தபோது, எடுத்தவரும் உயிரோடு இல்லை.

ஊரே நடித்த படம்

பார்க்ஸ் ஊரை விடவில்லை. தன் பிள்ளைப் பருவத்தை வைத்து 'தி லேர்னிங் ட்ரீ' என்ற நாவலை எழுதினார். 1963-ல் வந்தது. ஊருக்குக் கதையில் வேறு பெயர் வைத்தாலும், ஆறும் பள்ளியும் அம்மாவும் ஃபோர்ட் ஸ்காட்டிலிருந்து வந்தவைதான். ஹாலிவுட் அதைப் படமாக்கக் கூப்பிட்டது. கதை, தயாரிப்பு, இயக்கம், இசை எல்லாம் அவரே. 1969-ல் படம் வெளியானபோது, பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. காலத்துக்கும் பாதுகாக்க வேண்டியவை என்று 1989-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 25 படங்களில் அதுவும் ஒன்று.

படப்பிடிப்பை அவர் நடத்தியது ஃபோர்ட் ஸ்காட்டில். சிறுவனாக இருந்தபோது விளையாட்டு அணியில்கூட இடம் கிடைக்காத ஊர். அங்கே கேமராவுக்குப் பின்னால் நின்று 'ஆக்‌ஷன்' சொல்ல, ஊர்க்காரர்கள் கறுப்பர் வெள்ளையர் என்றில்லாமல் கூட்டத்தில் நடித்தார்கள். விழா நாளில் சுற்றிக் காட்டுவது அந்த இடங்களைத்தான். கதையில் வருகிறவை இனிய நினைவுகள் மட்டும் இல்லை. அவமானம் நடந்த இடமும் அடி விழுந்த இடமும் உண்டு. அவற்றையும் மறைக்காமல்தான் காட்டியாக வேண்டும்.

கடைசியாக வந்து சேர்ந்த இடம்

2004-ல் ஊரிலுள்ள சமுதாயக் கல்லூரி அவர் பெயரில் ஒரு மையத்தை அமைத்தது. இன்று அது கார்டன் பார்க்ஸ் அருங்காட்சியகம். விழாவும் அப்போது தொடங்கியதுதான். 2006 மார்ச் 7 அன்று, 93 வயதில், நியூயார்க்கில் பார்க்ஸ் காலமானார். உலகம் முழுக்கச் சுற்றியவர். பாரிஸில் வாழ்ந்தவர். இருபதுக்கும் மேற்பட்ட கௌரவ டாக்டர் பட்டங்கள் வாங்கியவர். ஆனால் அவர் உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது ஃபோர்ட் ஸ்காட்டின் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில். அது அவரே விரும்பிக் கேட்ட இடம்.

அருங்காட்சியகத்தில் இப்போது அவர் நியூயார்க் வீட்டிலிருந்து வந்த பொருட்கள் இருக்கின்றன. பதக்கங்கள், பட்டங்கள், உடைகள், டென்னிஸ் மட்டை, ரெக்கார்டு பிளேயர், சேர்த்து வைத்த 'லைஃப்' இதழ்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இப்படி ஒரு விழா எடுத்துவிட்டால் பழைய கணக்கு தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். தீராது. திரும்பி வர முடிந்தவர் ஒருவர். வகுப்பில் மற்றவர்கள் பதினொரு பேர். அவர்களுக்கு யாரும் விழா எடுக்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதற்கும் ஊர்தான் காரணம். இது யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவர் பார்க்ஸ். அதனால்தான் பெரிய பத்திரிகையில் வேலை கிடைத்ததும், தன் வெற்றியைச் சொல்லாமல் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

ஊர் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதையும் அதிலேயே இருக்கிறது. சிலை வைப்பதும் மாலை போடுவதும் எந்த ஊருக்கும் சுலபம். தன்னைப் பற்றிக் கசப்பாக எழுதிய பிள்ளையின் புத்தகத்தை வருடா வருடம் தானே எடுத்து வாசித்து, 'ஆமாம், இது இங்கேதான் நடந்தது' என்று வந்தவர்களுக்குக் கைகாட்டுவது அவ்வளவு சுலபமில்லை. ஃபோர்ட் ஸ்காட் அதைச் செய்கிறது. புகைப்படப் போட்டிக்காகக் கேமராவோடும் செல்போனோடும் தெருவில் இறங்கும் பிள்ளைகள், தங்கள் ஊரில் இன்று யார் மாடியில் உட்கார வைக்கப்படுகிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், சாரா அம்மாவின் கடைசிப் பிள்ளை அதைவிடப் பெரிய விருது கேட்டிருக்க மாட்டார்.