70 கொண்டை ஊசி வளைவு... பாதி மலையில் நிற்கும் பழைய பைக்: இ20 பெட்ரோல்தான் காரணமா?

காரவள்ளி அடிவாரத்தில் ஜோராக ஓடிய பைக், பத்துப் பதினைந்து வளைவு ஏறியதும் திணறுகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 'புஸ்ஸு'ன்னு இறங்கிவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கொல்லிமலைக்குப் பழைய பைக்கில் போகிற பலருக்குப் பழக்கமான தொல்லை இது. வாசலூர்பட்டி படகு இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது ஒருநாள் எரிச்சல். மலையிலேயே குடியிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டியை நம்பியிருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

கேட்டால் இப்போது எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை." உண்மையில் எவ்வளவு பங்கு எத்தனாலுக்கு, எவ்வளவு வண்டிக்கு? பார்க்கலாம்.

இ20 என்றால் என்ன?

80 சதவீதம் பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருள்தான் இ20. கரும்பு, மக்காச்சோளம், அரிசி போன்றவற்றிலிருந்து எத்தனால் தயாராகிறது. 2022-ல் 10 சதவீதக் கலப்பை எட்டிய இந்தியா, 2023 பிப்ரவரியில் இ20 விற்பனையைத் தொடங்கியது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. இன்று பங்க்கில் சாதாரண பெட்ரோல் என்று கேட்டால் கிடைப்பது இதுதான்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. சிக்கல் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு. அதிலும் 2020-ல் பிஎஸ்-6 விதி வருவதற்கு முன்பு வந்த கார்புரேட்டர் பைக்குகளுக்குத்தான் அதிகம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இருக்கும் சென்சார், எரிபொருளுக்கு ஏற்பக் கலவையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. ஜெட்டில் என்ன அளவு ஓட்டை இருக்கிறதோ, அந்த அளவுதான் போகும்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்யப்பட்ட இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டியில் சுமார் 2 கிலோமீட்டர் குறையலாம். 60 கொடுத்த வண்டி திடீரென்று 45-க்கு இறங்கினால், மீதி 13 கிலோமீட்டருக்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல முடியாது. வண்டியில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால், ஒருநாள் ஆள் நடமாட்டம் இல்லாத வளைவில் வண்டி நிற்கும்.

அப்போ எத்தனால் என்னதான் செய்கிறது?

முக்கியமாக மூன்று வேலை. முதலாவது, பழைய ரப்பர் டியூப், வாஷர், கேஸ்கட் போன்றவற்றை ஊத வைக்கும் அல்லது வெடிக்க வைக்கும். இரண்டாவது, பல வருடமாக டேங்கில் ஒட்டிக்கிடந்த பிசினையும் துருவையும் கழற்றிவிடும். அந்த அழுக்கு நேராக ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் போய் அடைக்கும். மூன்றாவது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழையில் டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கினாலோ, மாதக்கணக்கில் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தினாலோ, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர் கூடினால் இந்தப் பிரிவு இன்னும் சீக்கிரம் நடக்கும். எரிபொருள் டியூப் எடுப்பதும் டேங்கின் அடியிலிருந்துதானே? வண்டி எப்படி ஓடும்?

எங்கிருந்து சோதிக்கலாம்?

நேராக கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். டேங்கிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக வாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்; பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

முதலில் வண்டி எப்படி நின்றது என்று யோசியுங்கள். சுவிட்ச் ஆஃப் பண்ணியதுபோல் சட்டென்று நின்றால் பிளக், காயில், வயரிங் பக்கம் பார்க்கணும். இழுத்து இழுத்துத் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்து பிரச்சினை.

அடுத்து டேங்க் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக மூடியில் சின்ன துவாரம் இருக்கும். அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்ற சத்தம் வந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் காரணம் கிடைத்துவிட்டது. செலவே இல்லாத ரிப்பேர் இது.

மூன்றாவது, டேப். ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கம் சாயும் என்பதால், அளவு குறைவாக இருந்தால் சில வண்டிகளில் டேப்புக்கு எட்டாது. ரிசர்வில் போட்டுப் பாருங்கள். பிறகு டியூபை கார்புரேட்டர் முனையில் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். சீராக வராமல் சொட்டினால் டேப்பிலோ ஃபில்டரிலோ அடைப்பு. பாட்டிலில் இரண்டு அடுக்காகத் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டேங்கை முழுசாகக் காலி செய்வதே வழி.

நான்காவதுதான் கார்புரேட்டர். அடியில் இருக்கும் டிரெயின் ஸ்குருவைத் தளர்த்தினால் மண், துரு, தண்ணீர் முத்துகள் வெளியே வரும். ஐடிலில் நிற்காவிட்டால் பைலட் ஜெட், முழு ஆக்ஸிலேட்டரில் ஏற்றத்தில் திணறினால் மெயின் ஜெட். கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள். ஓட்டை பெரிதானால் மைலேஜ் நிரந்தரமாகப் போய்விடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

கடைசியாக டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊதியிருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும் டியூபா என்று கேட்டு வாங்குங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் விளைவு தீ.

மலை ஏறினால் கணக்கு மாறுமா?

மாறும். கொல்லிமலை சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மேலே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அதனால் கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் கூடிய கலவை உருவாகும். இ20 இதற்கு நேர் எதிர். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். மேலே இந்த இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆக, வாசலூர்பட்டியில் டியூன் செய்த வண்டி அங்கே நன்றாக ஓடும். நாமக்கல்லுக்கு இறங்கியதும் சூடேறித் திணறலாம். பிளக் வெள்ளையாக இருந்தால், அரை சோக் போட்டதும் வண்டி நன்றாக இழுத்தால், கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே அதிகம் ஓட்டுகிறீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் சொல்லி டியூன் செய்வது நல்லது. ஆயில் கலந்து ஓட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த மெலிவு பிஸ்டனையே பிடிக்க வைக்கலாம்.

அரசு என்ன சொல்கிறது?

இ20 பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்பது பெட்ரோலியத் துறை 2025 ஆகஸ்ட்டில் அளித்த விளக்கம். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் முன்னதாக மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் அது குறைந்த செலவுதான் என்றும் அதே விளக்கம் ஒப்புக்கொண்டது. இ20 போட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்ற தகவலையும் மறுத்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்பு வேண்டும், பங்க்கில் கலப்பு விகிதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை, 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆக, எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வண்டிக்காரரிடம் இல்லை. டியூப் மாற்றும் செலவு மட்டும் அவருடையது. குறைந்த செலவுதான் என்றாலும், யார், எப்போது, எதை மாற்ற வேண்டும் என்ற பட்டியலாவது கிராமத்து ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது வரும்வரை மலை ஏறுவதற்கு முன் மூடி, டேப், டியூப், ஃபில்டர் நான்கையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு மட்டும் மலை இறங்காதீர்கள். கியரில் இருக்கும் இன்ஜினும் ஒரு பிரேக். 70 வளைவையும் பிரேக் ஷூ மட்டுமே தாங்காது.