திறந்திருக்கும் தென்புறம்

ஒரு பட்டணம் பெருகுகின்றது என்று கேட்டதும் நம்மிற் பலருக்கு மகிழ்ச்சியே உண்டாகின்றது. கடைகள் பெருகும், பாடசாலைகள் பெருகும், விளக்கெரியும் வீடுகள் பெருகும். அவ்வளர்ச்சிக் கணக்கின் வரவுப் பக்கத்தை எழுத எல்லோரும் முன்வருவர். செலவுப் பக்கத்தை எழுதுவோர் சிலரே. இரு பக்கங்களையும் ஒருங்கே வைத்துப் படிக்கத்தக்க ஓர் ஊரைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம். கிழக்காபிரிக்காவிலே, கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபிக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கிட்டெங்கெலா என்பதே அவ்வூர்.

நைரோபியும் தொன்மையான நகரமன்று. 1899ஆம் ஆண்டில், மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை அவ்விடத்தை வந்தடைந்தபோது, அங்கே மசாய் மக்கள் மாடு மேய்த்த ஈரநிலமே இருந்தது. ‘குளிர்ந்த நீர்’ என்று பொருள்படும் அம்மக்களின் சொல்லே பின்னர் நகரத்தின் பெயராயிற்று. நகரம் வளர வளர, அதன் உள்ளே வாடகை கொடுத்துக் கட்டுப்படாத எழுதுவினைஞரும் ஆசிரியரும் தொழிலாளரும் வெளியே ஒரு துண்டுக் காணி தேடலாயினர். தன்சானிய எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஓரத்திலே அமைந்த கிட்டெங்கெலா அவர்களை வரவேற்றது. அருகிலுள்ள ஆதி ரிவர் என்னுமிடத்தில் ஏற்றுமதித் தொழில் வலயம் தோன்றியதும் ஆடைத் தொழிலாளரும் வந்து குடியேறினர். 2009ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 58,167 ஆக இருந்த சனத்தொகை, 2019இல் 154,436 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் இரண்டரை மடங்குக்கும் மேலான பெருக்கம் இது.

இது வரவுப் பக்கம். இனி மற்றைப் பக்கத்தைப் புரட்டுவோம்.

நைரோபி நகரின் விளிம்பிலேயே, 117 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தேசியப் பூங்கா ஒன்று உண்டு. 1946இல் அமைக்கப்பெற்ற அது கென்யாவின் முதலாவது தேசியப் பூங்காவாகும். சிங்கமும் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும் வாழும் அவ்விடத்தின் மூன்று புறங்களில் வேலி உண்டு. தென்புறத்தில் ஒரு சிற்றாறு மாத்திரமே எல்லை. அப்பக்கம் திறந்து விடப்பட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. மழைக்காலத்திலே வரிக்குதிரைகளும், மாட்டின் முகமும் மானின் கால்களும் கொண்ட நூ என்னும் விலங்குகளும் ஆற்றைக் கடந்து தெற்கேயுள்ள புல்வெளிகளிற் பரந்து மேயும். கோடையில் நீர் நாடிப் பூங்காவுக்குத் திரும்பும். பூங்கா அவற்றின் வீட்டில் ஓர் அறை என்றால், தெற்குப் புல்வெளி அவ்வீட்டின் முற்றமாகும். அந்த முற்றத்தின் வாயிலிலேதான் கிட்டெங்கெலா வளர்ந்துகொண்டிருக்கின்றது.

புல்வெளி எவ்வாறு கைமாறியது? 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், மசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்கள் குழுப் பண்ணைகளாகப் பதியப்பட்டன. பலருக்கும் பொதுவாயிருந்த கிட்டெங்கெலாப் பண்ணை 1988இல் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஆளுக்கொரு காணி உறுதி கிடைத்தது. மழை பொய்த்து மாடுகள் மடிந்த ஆண்டிலோ, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்துக்கு வழியில்லாத வேளையிலோ, ஒரு துண்டை விற்றனர். வாங்கியவர் தம் வாழ்நாட் சேமிப்பை அதிலே இட்டமையால் உடனே வேலி அடைத்தார். விற்றவரையும் குறை கூற இயலாது. வாங்கியவரையும் குறை கூற இயலாது. ஆயினும் நியாயமான ஆயிரம் வேலிகள் ஒன்று சேர்ந்தபோது, எவருடைய உறுதியிலும் எழுதப்படாத ஒரு பாதை அடைபட்டுப் போயிற்று. 1970களின் இறுதியில் அச்சமவெளியில் 20,000க்கு மேற்பட்டிருந்த நூ விலங்குகள் 2011 அளவிலே சில ஆயிரமாகக் குறுகின.

பாதை இழந்த விலங்கு மனிதனின் வாசலுக்கே வந்துவிடுகின்றது. 2012ஆம் ஆண்டிலே, ஆடுகளைப் பறிகொடுத்துச் சினங்கொண்ட மக்கள் கிட்டெங்கெலாப் பகுதியில் ஆறு சிங்கங்களைக் கொன்றனர். அதே பூங்காவின் ஓரத்தில் வாழ்ந்த ரிச்சர்ட் துரேரே என்னும் மசாய்ச் சிறுவனோ வேறொரு வழி கண்டான். மின்சூளைக் கையிலேந்தி இரவில் நடந்தபோது, அசையும் ஒளிக்குச் சிங்கம் அஞ்சுவதை அவன் கவனித்தான். பழைய மோட்டார் வண்டிப் பற்றரி, சூரிய ஒளியால் மின்னூட்டும் தகடு, மோட்டார்ச் சைக்கிளின் சைகை விளக்குப் பெட்டி, மின்சூட் குமிழ்கள் ஆகியவற்றை இணைத்து, ஆள் நடமாடுவது போல மாறிமாறி ஒளிரும் விளக்குகளை மாட்டுப்பட்டியைச் சுற்றி அமைத்தான். சிங்கம் பட்டியை நெருங்கவில்லை. சிங்கத்தைக் கொல்லவும் வேண்டியிருக்கவில்லை. 2013இல் தன் அனுபவத்தை உலக மேடையொன்றில் அவன் எடுத்துரைத்தபோது அவனுக்கு வயது 13.

பெரியோரும் வாளாவிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கிற்று. தம் நிலத்தை வேலியிடாமலும் விற்காமலும் விலங்குகளுக்குத் திறந்து வைக்கும் மசாய்க் குடும்பங்களுக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 4 அமெரிக்க டொலர் வழங்கப்பட்டது. அத்தொகையை மூன்று தவணையாக, பாடசாலைக் கட்டணம் செலுத்தும் காலங்களுக்கு இசைய வழங்கினர். எந்தத் தேவைக்காகக் காணி விற்கப்பட்டதோ, அத்தேவையையே காணியைக் காக்கும் காரணமாக மாற்றிய அறிவுடைமையை நாம் பாராட்டாதிருக்க முடியுமா? எனினும் வீட்டுமனைக்குக் கிடைக்கும் விலையோடு ஒப்பிடுகையில் அது சிறுதொகையே. அதனாற் பல காணிகள் காக்கப்பட்டன; பல காணிகள் கைமாறின.

வீடு தேடி வந்த ஏழைத் தொழிலாளியை விலங்கின் பெயரால் விரட்டுவது அறமாகாது. மந்தையை நம்பி வாழும் குடும்பத்தை நோக்கி, ‘உலகத்தின் நன்மைக்காக நீ வறுமையிலே கிட’ என்பதும் அறமாகாது. பட்டணம் வளரட்டும். ஆனால் எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதை முதல் வேலி எழுமுன்னரே ஊரார் கூடி வரைந்துகொள்ள வேண்டும். எல்லோருக்காகவும் நிலத்தைத் திறந்து வைப்பவருக்கு எல்லோரும் சேர்ந்து தக்க கூலி கொடுக்க வேண்டும். இவ்விரண்டும் தாமதமாகுந்தோறும் அத்தென்புற வாயில் ஒவ்வொரு முழமாக ஒடுங்கிக்கொண்டே போகும்.