தேனிலவு போகாத கலியாணமும் ஒரு ஸ்பொன்சர் கேஸும்

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிஞ்சு, கொத்துரொட்டி வரும்வரைக்கும் ஆம்பிளைகள் எல்லாம் ஒரு மூலையில். ஊருக்குப் போய்க் கலியாண எழுத்து முடிச்சுப்போட்டு வந்த தம்பி ஒருத்தர், மனிசியை ஸ்பொன்சர் பண்ண என்ன செய்யவேணும் எண்டு வாய் திறந்து கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சட்ட நிபுணர்!

"லோயருக்கு ஏன் தம்பி காசைக் கொட்டுறீர்? படிவம் எல்லாம் இணையத்தில சும்மா கிடக்குது" எண்டார் ஒருத்தர்.

"எனக்குத் தெரிஞ்ச அண்ணை ஒருத்தர் இருக்கிறார். லோயர் கேக்கிறதில கால்வாசிதான் எடுப்பார். கதையும் வடிவா எழுதித் தருவார்" எண்டார் மற்றவர்.

அந்த "வடிவா எழுதித் தருவார்" எண்ட சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு. அண்டைக்கு வீட்டுக்காரருக்காக வாயை மூடிக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிட்டன். இங்கே மூடத் தேவையில்லை.

என் மாமாவின் மகனுக்கு 2016இல் வவுனியாவில் எழுத்து நடந்தது. பெண்ணின் அம்மம்மா இறந்து அந்தியேட்டி முடியவில்லை. அதனால் தாலிகட்டு அடுத்த வருசம் எண்டு தள்ளிவைத்து, இருபது பேரோடு எழுத்தை மட்டும் முடித்தார்கள். மச்சானுக்கு மூன்று கிழமைதான் லீவு. தேனிலவும் இல்லை, மண்டபமும் இல்லை, வீடியோவும் இல்லை. எங்கட ஆக்களுக்கு இதில் ஒரு புதினமும் கிடையாது. ஆயிரம் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

இங்கே படிவம் நிரப்பிக் கொடுத்த "அண்ணை" சொன்னாராம்: "இதை இப்பிடியே எழுதினால் றிஜெக்ட் தான். நுவரெலியாவுக்கு நாலு நாள் போனதா எழுதுவம். வெள்ளைக்காரன் அதைத்தான் நம்புவான்." மச்சான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தான். மனிசிக்கும் சொல்லவில்லை. கொழும்பில் நேர்முகத்தில் அவளிடம் கேட்டார்கள், தேனிலவுக்கு எங்கே போனீர்கள் எண்டு. "போகேல்லை" எண்டாள் அந்தப் பிள்ளை. உண்மையைச் சொன்னாள்.

நிராகரிப்பு. காரணம், இது உண்மையான திருமணம் எண்டு நம்ப முடியவில்லையாம். பொய் எழுதினவர் ஒருத்தர், கையெழுத்து வைத்தவர் இன்னொருத்தர், உண்மை சொன்னதுக்குத் தண்டனை அவளுக்கு.

அந்த அண்ணையிடம் போய்க் கேட்டால், "நான் டைப் மட்டும்தானே பண்ணினனான்" எண்டார். ஃபைலில் அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இருக்கவும் இராது. கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு விசயத்தில் ஆலோசனை சொல்லவோ ஆளைப் பிரதிநிதித்துவம் செய்யவோ ஆருக்கு உரிமை எண்டு சட்டத்தின் 91ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சட்டச் சங்கத்தில் உரிமம் உள்ள லோயர், உரிமம் பெற்ற பாராலீகல், கியூபெக் நொத்தாரிசு, 2021 நவம்பரில் இருந்து இயங்கும் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிந்த ஆலோசகர். அவ்வளவுதான். மற்ற ஆர் காசு வாங்கினாலும் குற்றம். சும்மா உதவி செய்யிற சித்தப்பாவுக்குத் தடை இல்லை, காசு வாங்குகிற சித்தப்பாவுக்குத் தான் தடை.

சரி, "படிவம் சும்மா கிடக்குது" கட்சிக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. படிவம் இலவசம். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் 30 கணக்கில் ஸ்பொன்சருக்கு 85, விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, ஆக 1,205 டொலர். கைரேகைக்கு இன்னொரு 85. மனைவி அல்லது கணவனை மட்டும் கூப்பிடுறதுக்கு இவ்வளவு வருமானம் இருக்கவேணும் எண்ட நிபந்தனையும் பொதுவாகக் கிடையாது. சமூக உதவிப் பணத்தில் இருக்கக்கூடாது (உடல் இயலாமைக்கான உதவி வேறை), மூன்று வருசத்துக்கு ஆளைப் பராமரிக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கவேணும். ஒரே முறை கலியாணம், மறைக்க ஒண்டும் இல்லை, ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் எண்டால் நீங்களே தாராளமாகச் செய்யலாம். லோயர் இல்லாவிட்டால் ஆகாது எண்டு பயமுறுத்துகிற விளம்பரங்களையும் எனக்குப் பிடிக்காது.

ஆனால் எல்லாருடைய கதையும் அப்படி இல்லையே மக்காள்?

ஒரு உதாரணம். அப்பா அம்மா ஸ்பொன்சரில், கலியாணம் ஆகாத பிள்ளையாக வந்தவர். விமானம் ஏற முந்தியே காதலியோடு இரகசியமாக எழுத்து முடித்தவர். "ஆருக்குத் தெரியப்போகுது" எண்டு வந்து இறங்கினவர், பிறகு மனிசியைக் கூப்பிடப் போகிறார். விதிகளின் 117(9)(ஈ) வாசலிலேயே மறிக்கும். நீங்கள் குடியேறும்போது சொல்லாமல் விட்டு, அதனால் பரிசோதிக்கப்படாத ஆளைக் குடும்ப வகுப்பில் பிறகு கூப்பிட ஏலாது. 2019 செப்டெம்பரில் சிலருக்கு விலக்கு அளிக்கும் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் வந்தது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. அதைவிட, உங்கட சொந்த வதிவிட உரிமையே கேள்விக்கு வரலாம். இப்படிப்பட்ட ஆள் படிவத்தைத் தொட முந்தி லோயரைத் தொடவேணும்.

இன்னொன்று. கனடாவுக்கு உள்ளே இருந்து போடுகிற விண்ணப்பமும் வெளியில் இருந்து போடுகிறதும் ஒண்டு எண்டுதான் சனம் நினைக்குது. வெளியில் இருந்து குடும்ப வகுப்பில் போட்டது நிராகரிக்கப்பட்டால், ஸ்பொன்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்ளே இருந்து போடும் வகுப்பில் அந்தக் கதவு கிடையாது, மத்திய நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கிறது தான் மிச்சம். எந்தக் கதவால் போகிறது எண்டு தெரிவுசெய்யிற இடத்தில்தான் சட்ட உதவிக்குப் பெறுமதி. பெயரும் பிறந்த திகதியும் நிரப்புகிறதுக்கு இல்லை.

அரசாங்கத்துக்கும் ரெண்டு வார்த்தை. 2010 செப்டெம்பர் வரைக்கும் ஒரு திருமணத்தை ஒதுக்கவேணும் எண்டால், அது உண்மையில்லாததும், முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்ததும் எண்டு ரெண்டும் சேரவேணும். பிறகு "உம்" போய் "அல்லது" வந்தது. ஒண்டு போதும். இண்டைக்கு நீங்கள் உண்மையாக வாழ்ந்தாலும், அண்டைக்கு எந்த நோக்கத்தில் கட்டினீர்கள் எண்டு தனியாகக் கேட்கலாம். 2012 ஒக்ரோபரில், ரெண்டு வருசம் சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் எண்டு ஒரு நிபந்தனையும் புதுக் கலியாணக்காரர் கனபேருக்குப் போட்டார்கள். அடிக்கிற புருசனை விட்டுப்போக ஏலாமல் பெண்கள் பயத்தில் இருப்பார்கள் எண்டு எத்தினை பேர் கத்தினார்கள்! விதிவிலக்கு இருந்தது, அதை எத்தினை பேர் அறிந்திருப்பார்கள்? 2017 ஏப்ரலில்தான் எடுத்தார்கள்.

பேசிச் செய்த கலியாணத்தை, மோதிரமும் தேனிலவும் தேடுகிற கண்ணால் பார்த்தால் பொய் மாதிரித்தான் தெரியும். கோபம் எனக்கும் இருக்கு. ஆனால் அதுக்கு மருந்து இல்லாத நுவரெலியாவை எழுதுகிறது இல்லை. அந்தியேட்டி எண்டால் என்ன, எழுத்து முதலிலும் தாலி பிறகும் ஏன் எண்டு விளங்கப்படுத்தி எழுதுகிறது. பொய்த் தகவல் எண்டு 40ஆம் பிரிவில் பிடித்தால் ஐந்து வருசத் தடை. எங்கட கேசில் அது வராமல் விட்டது அதிர்ஷ்டம்.

மச்சான் பிறகு ஒரு உரிமம் உள்ள லோயரிடம் போனான். அந்த அம்மா முதலில் செய்தது, ஐந்து டொலர் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அதிகாரியின் குறிப்புகளை எடுத்தது. ரெண்டாவது, மச்சானை இருத்தி, "நடந்ததை மட்டும் சொல்லுங்கோ" எண்டது. மேன்முறையீட்டில் புதுச் சாட்சியமும் கொடுக்கலாம். மரணச் சான்றிதழ், அந்தியேட்டி அழைப்பு, தொலைபேசிக் கணக்கு, பொய் எழுதினதுக்கு மச்சானின் ஒப்புதல் எல்லாம் போனது. வென்றார்கள். ஆனால் அதுக்குள் இரண்டரை வருசம் போய்விட்டது. முதலே ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து அந்த அம்மாவிடம் காட்டியிருந்தால், நுவரெலியாவை அங்கேயே வெட்டி எறிஞ்சிருப்பா.

அந்தத் தம்பிக்கு விழாவில் சொல்லாததை இங்கே சொல்லுறன். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர். நிரப்பின படிவத்தையும் வாசிக்காமல் வைக்காதீர். ஆளின் உரிமத்தைச் சட்டச் சங்கத்தின் அல்லது கல்லூரியின் தளத்தில் பெயர் போட்டுப் பாரும். ஒப்பந்தமும் ரசீதும் எழுத்தில் வாங்கும். அனுப்பின ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி உமக்கும் ஒண்டு மனிசிக்கும் வேணும். உங்கட கலியாணத்தை உங்கட ரெண்டு பேரைவிட வேறை ஆரும் வடிவாக எழுதத் தேவையில்லை.

"கால்வாசிக் காசு" அண்ணைமாருக்கு வக்காலத்து வாங்க விரும்புகிறவர்கள் பின்னூட்டத்தில் வாங்கோ. கதைப்பம். :-)

பி.கு: மச்சானும் மனிசியும் போன வருசம் உண்மையாகவே நுவரெலியாவுக்குப் போய்வந்தார்கள். ரெண்டு பிள்ளைகளோடு. நல்ல குளிராம்.