ஒளிச்சேர்க்கை நொதியைத் திருத்தி விளைச்சல் கூட்டும் ஆராய்ச்சி: நிலைப்பாட்டு அறிக்கை

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் காவிரிப் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலின் பாசனத்தில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் நெல்லும் அடுத்தடுத்த வயல்களில் விளைகின்றன. ஒரே வெயிலையும் ஒரே தண்ணீரையும் பெறும் இப்பயிர்களுள் கரும்புக்கு வாய்த்த ஒரு திறன் நெல்லுக்கு வாய்க்கவில்லை என்பதே ஒளிச்சேர்க்கை நொதியைத் திருத்த முனையும் இன்றைய ஆராய்ச்சிகள் பலவற்றுக்குத் தூண்டுதலாகும். அவ்வாராய்ச்சிகள் குறித்து இப்பகுதிப் பாசன உழவர் அமைப்பு தன் நிலைப்பாட்டை வெளியிடுகிறது.

பின்னணி

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் புரதம் ரூபிஸ்கோ எனப்படும். நொடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே கையாளும் இந்நொதி, சில வேளைகளில் கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடுவதால், அதன் விளைவைச் சரிசெய்யவே செடி ஆற்றலையும் சேர்த்த கரியில் ஒரு பங்கையும் இழக்கிறது. ஒளிச்சுவாசம் எனப்படும் இவ்விழப்பு வெப்பம் ஏற ஏறக் கூடுமாதலால், சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மந்தமான நொதியை ஈடுகட்ட நெல் அதை இலையில் ஏராளமாகச் சேர்த்துவைப்பதால், உழவர் இடும் யூரியாவின் தழைச்சத்தில் கணிசமான பங்கும் இந்த ஒரே புரதத்துக்குச் செல்கிறது. கரும்பிலோ, இலை நரம்பைச் சூழ்ந்த தனிச் செல்களுக்குள் கரியமில வாயு செறிவாகச் செலுத்தப்பட்டு, ரூபிஸ்கோ அங்கேயே இயங்குவதால் இழப்பு மிகக் குறைவு. 1960களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பை ஆராய்ந்தவர்களே இவ்வழியைக் கண்டறிந்தனர்.

ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தினர் ரூபிஸ்கோவின் அளவைக் கூட்டிய நெல், போதிய தழைச்சத்து இட்ட ஆய்வு வயலில் 28 விழுக்காடு வரை கூடுதல் விளைச்சல் தந்ததாக 2020இல் அறிவித்தனர். ஒளிச்சுவாசத்துக்குக் குறுக்குவழி அமைத்த புகையிலை, அமெரிக்க வயல்களில் சுமார் 40 விழுக்காடு கூடுதலாக வளர்ந்தது 2019இல் வெளியானது. 2025இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் ஒரு பாக்டீரியாவின் ரூபிஸ்கோவை 25 விழுக்காடு வரை திறன்மிக்கதாக்கினர். ஆயினும் அது ஆய்வுக்கூட வெற்றியே, பயிரின் வெற்றியன்று.

நிலைப்பாடு

1. இவ்வாராய்ச்சியை இவ்வமைப்பு ஆதரிக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1912இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் பொதுநிதியில் இதனை மேற்கொள்ள மத்திய, மாநில அரசுகள் வழிசெய்ய வேண்டும். விளைச்சல் உயராவிடினும், குறைந்த யூரியாவில் அதே விளைச்சல் கிடைப்பதும் உழவருக்கு ஆதாயமே என்பதால், ஆய்வின் இலக்குகளில் அதுவும் இடம்பெற வேண்டும்.

2. வெளிநாட்டு வயலின் விழுக்காட்டைக் காட்டி இங்கு விதை விற்கக் கூடாது. கோடையின் உச்சத்திலும், வாய்க்காலில் தண்ணீர் குறையும் பருவத்திலும், உழவர் வழக்கமாக இடும் உர அளவிலும் பல ஆண்டுகள் சோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட்ட பின்னரே பரிந்துரைக்க வேண்டும்.

3. வேற்றுயிரின் மரபணு சேர்ந்த பயிர், 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் முழு ஆய்வுக்கு உட்பட வேண்டும். அயல் மரபணு எஞ்சாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு மட்டும் 2022இல் தரப்பட்ட விலக்கை அத்தகைய வேற்றுமரபணுப் பயிருக்கு நீட்டிக்கக் கூடாது. அவ்விலக்கின் வழியே 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘கமலா’ முதலிய நெல் வகைகள் ரூபிஸ்கோவைத் திருத்தியவை அல்ல என்பதையும் உழவருக்குத் தெளிவுபடுத்த வேண்டும்.

4. விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பகிரவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டு பயிர் வகைகள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தந்துள்ள உரிமை, எந்தக் காப்புரிமை ஒப்பந்தத்தாலும் குறையக் கூடாது.

மக்களின் வரிப்பணத்தில் பிறக்கும் அறிவு மக்களின் வயலுக்குத் தடையின்றி வந்துசேர வேண்டும் என்பதே இவ்வமைப்பின் உறுதியான கோரிக்கை. இந்நான்கும் ஏற்கப்படும் ஆய்வுகளுக்குச் சோதனை வயல் தரவும், பயிர்க் கணக்குகளைப் பகிரவும் இப்பகுதி உழவர்கள் அணியமாக உள்ளனர்.